கிரிப் பாயின்ட் மறுத்த கப்பல்

மெல்பர்னின் மின்சார ரயில் ஃபிராங்க்ஸ்டனோடு நின்றுவிடும். அதற்குமேல் தெற்கே போக டீசல் வண்டி மாற வேண்டும். 1889இல் போட்ட ஒற்றைப் பாதை அது. கடைசி நிலையம் ஸ்டோனி பாயின்ட். அதற்கு முந்தையது கிரிப் பாயின்ட். நிலையத்திலிருந்து கிழக்கே இறங்கினால் அலையாத்தி மரங்கள், சேற்றுத்திடல், அதைத் தாண்டி ஆழ்கடல் கால்வாயை எட்டும் ஒரு நீண்ட கப்பல்துறைப் பாலம். 1960களில் பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைக்காகக் கட்டியது. ஆலை போய்விட்டது, பாலம் இருக்கிறது. அதன் முனையில் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஒரு எரிவாயு இறக்குமதிக் கப்பலை இருபது ஆண்டுகளுக்கு நிரந்தரமாகக் கட்டிப்போட வேண்டும் என்று 2017இல் ஒரு திட்டம் வந்தது. நான்கு ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு அது நின்றுபோனது.

இதை ஊர்மக்களின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தக் கப்பலைத் தடுத்த காகிதங்களில் முக்கியமானவை 2020இல் எழுதியவை அல்ல. அவற்றின் வயது நாற்பதைத் தாண்டும்.

திட்டத்தைக் கொண்டுவந்த ஏ.ஜி.எல். நிறுவனத்தின் வரலாறும் கரையோரத்தில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியன் கேஸ் லைட் கம்பெனி என்ற பெயரில் 1837இல் சிட்னியில் உருவான நிறுவனம் அது. 1841 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று, சிட்னித் தெருக்களில் முதல் வாயு விளக்குகளை ஏற்றியது. அன்றைய வாயு நிலக்கரியைச் சுட்டு எடுப்பது. நிலக்கரி கப்பலில்தான் வரும். அதனால் ஆலை துறைமுகக் கரையில், மில்லர்ஸ் பாயின்ட்டில் அமைந்தது. பிறகு 1886இல் பாரமாட்டா ஆற்றங்கரையில் மார்ட்லேக்கில் இன்னும் பெரிய ஆலை வந்தது. நியூகாசிலிலிருந்து அறுபது மைல் கடல்வழி வந்து நிலக்கரி இறக்கும் கப்பல்களுக்கு 'சிக்ஸ்டி மைலர்' என்றே பெயர் நிலைத்தது. மார்ட்லேக் 1990இல் மூடப்பட்டது; அங்கே இன்று பிரேக்ஃபாஸ்ட் பாயின்ட் என்ற வசதியான குடியிருப்பு. மில்லர்ஸ் பாயின்ட் ஆலை 1921இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது விட்டுப்போன தார் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. 2009இல் அந்த நிலத்தை மாசடைந்த நிலம் என்று அரசின் சுற்றுச்சூழல் ஆணையம் அறிவித்தது. இன்று பரங்காரூ என்று பளபளக்கும் கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் அந்த மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. விளக்கேற்றியவர்கள் போய் மூன்று தலைமுறைக்குப் பிறகு வந்த கணக்கு அது.

கிரிப் பாயின்ட் அமர்ந்திருக்கும் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவின் கதை வேறு மாதிரி. பூன் வுர்ரங் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த கரை இது. அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடுகளாகக் கிடக்கும் இடங்கள் இந்தத் தீபகற்பத்தில் உண்டு. 1798 ஜனவரியில் ஜார்ஜ் பாஸ் சிட்னியிலிருந்து ஒரு திமிங்கிலப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டே இங்கு வந்து சேர்ந்தார். வெள்ளையர் அதுவரை அறிந்த துறைகளில் மேற்குக்கோடி இதுதான் என்பதால் அந்தப் பெயர். இன்று அது மெல்பர்னுக்குக் கிழக்கே இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் இடத்தைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் சிட்னி ஆளுநர் படைவீரர்களையும் கைதிகளையும் அனுப்பி ஒரு குடியேற்றம் அமைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் குடியேற வரவில்லை. 1828இல் மூட்டை கட்டினார்கள்.

பிறகு வந்தவர்கள் மூட்டை கட்டவில்லை. 1840களில் சோப்புத் தயாரிப்புக்குக் காரச் சாம்பல் வேண்டும் என்று அலையாத்தி மரங்களை வெட்டி எரித்தார்கள். பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் அதே வெண்கண்டல் இனம்தான். குளிர்ப் பிரதேசத்தில் குட்டையாக வளரும். அதைவிடப் பெரிய காரியம் விரிகுடாவின் வடக்கே நடந்தது. கூ வீ ரப் என்ற மாபெரும் சதுப்பு நிலத்தை 1870களில் வடிக்கத் தொடங்கினார்கள். 1890களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களுக்குத் துண்டு நிலம் தந்து, வாய்க்கால் வெட்டும் வேலையையும் தந்தது அரசு. அந்த வேலையை மேற்பார்த்த பொறியாளர் கார்லோ கட்டானியின் பெயர் இன்றும் அந்தப் பக்கத்தில் நிலைத்திருக்கிறது. சதுப்பு வற்றியது, உருளைக்கிழங்கும் பால்பண்ணையும் வந்தன. ஆனால் அதுவரை சதுப்பு பிடித்துவைத்திருந்த வண்டல் முழுக்க வாய்க்கால் வழியே விரிகுடாவுக்குள் இறங்கத் தொடங்கியது. அதன் விலையைக் கடல் உடனே கேட்கவில்லை.

1965இல் பாஸ் நீரிணையில் பாரக்கூட்டா என்ற இடத்தில் எஸ்ஸோவும் பி.எச்.பி.யும் எரிவாயு கண்டுபிடித்தன. இரண்டு ஆண்டில் கிங்ஃபிஷ் எண்ணெய் வயல். விக்டோரியா மாநிலத்தின் முதல்வர் ஹென்றி போல்ட்டிக்கு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதி கண்ணில் தெரிந்தது. ஆழமான இயற்கைக் கால்வாய், பக்கத்திலேயே பெருநகரம், காலியாகக் கிடக்கும் கரை: வெஸ்டர்ன் போர்ட்டை ஆஸ்திரேலியாவின் ரூர் ஆக்கிவிடலாம் என்றார். பி.பி. ஆலை 1966இல் ஓடத் தொடங்கியது. ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு அருகே எரிவாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலையும், சில ஆண்டில் எஃகு ஆலையும் வந்தன. எதிரே இருக்கும் ஃபிரெஞ்ச் தீவில் அணுமின் நிலையம் வைக்கலாமா என்றுகூட மாநில மின்வாரியம் பேசியது. 1969இல் மெல்பர்ன் வீட்டு அடுப்புகளுக்கு இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தது. சிட்னிக்கு 1976இல், மூம்பா எரிவாயு வயலிலிருந்து குழாய் வழியாக. நிலக்கரி வாயுவின் காலம் முடிந்தது.

ரூர் கனவு வளர வளரக் கரையோர மக்களுக்குக் கலக்கம் வந்தது. மீனவர்கள், பறவை பார்ப்பவர்கள், விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள், பிலிப் தீவின் பென்குயின்களை நம்பிப் பிழைத்தவர்கள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கூட்டம் ஒன்றாகச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் 'வெஸ்டர்ன் போர்ட்டைக் காப்போம்' என்ற முழக்கம் எழுந்தது. அரசு அதற்குச் செய்த மறுமொழி அந்தக் காலத்துக்குப் புதியது: முதலில் அளந்து பார்ப்போம் என்றது. பேராசிரியர் மாரிஸ் ஷாப்பிரோ தலைமையில் 1973-74இல் விரிகுடா முழுவதையும் ஆராய்ந்தார்கள். நீரோட்டம் எப்படிச் சுற்றுகிறது, ஓதம் வற்றும்போது எவ்வளவு சேறு வெளியே தெரிகிறது, எந்தச் சேற்றில் என்ன புழு, எந்தப் புழுவை எந்தப் பறவை தின்கிறது என்பது வரை பட்டியல் போட்டார்கள். சுமார் 680 சதுர கிலோமீட்டர் விரிகுடாவில் 270 சதுர கிலோமீட்டர் வற்றத்தில் வெறும் சேற்றுத்திடலாகிவிடும். தொழிற்சாலை வைக்க வருபவன் கண்ணுக்கு அது வீண் நிலம். சைபீரியாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் பறந்துவரும் உள்ளான்களுக்கு அதுதான் சோறு. முப்பது கிராம் எடையுள்ள செங்கழுத்து உள்ளான், அந்தச் சேற்றைக் கொத்தித் தின்று உடம்பு தேற்றிக்கொண்டுதான் திரும்பவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது.

அந்தப் பட்டியல் எவ்வளவு அவசியமானது என்பது பத்து ஆண்டுக்குள் தெரிந்தது. 1970களின் நடுவிலிருந்து 1984க்குள் விரிகுடாவின் கடற்புல் ஏறக்குறைய 70 சதவீதம் அழிந்துபோனது. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் படுகை அது. எண்ணெய்க் கப்பல்கள் மீது சந்தேகம் விழுந்தாலும், முதன்மைக் குற்றவாளியாக ஆய்வாளர்கள் காட்டியது வண்டலை: நூறு ஆண்டுக்கு முன் வடித்த சதுப்பிலிருந்து வந்த மண். முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்ததால்தான் என்ன போனது என்று சொல்ல முடிந்தது. 1982 டிசம்பர் 15 அன்று வெஸ்டர்ன் போர்ட் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை அது. மூன்று ஆண்டு கழித்து பி.பி. ஆலை தானாகவே மூடியது. கிரிப் பாயின்ட் மறுபடி தூங்கும் ஊரானது. அருங்காட்சியகத்துக்காக வாங்கிவந்த 'ஒட்டாமா' என்ற பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கரைக்கு அப்பால் ஆண்டுக்கணக்கில் மிதந்து துருப்பிடித்ததுதான் அங்கே பெரிய செய்தி.

இனி 2017. உலகத்தின் மிகப் பெரிய எரிவாயு ஏற்றுமதி நாடுகளில் ஒன்று, ஏன் எரிவாயுவை இறக்குமதி செய்யத் திட்டம் போட வேண்டும்? ஆஸ்திரேலியர்களே தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி இது. குயின்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டன் அருகே கர்ட்டிஸ் தீவில் மூன்று பெரிய ஏற்றுமதி நிலையங்கள் எழுந்தன. 2014 இறுதியில் முதல் கப்பலில் ஏற்றத் தொடங்கினார்கள். அதுவரை உள்நாட்டுக்குள் மலிவாகச் சுற்றிக்கொண்டிருந்த கிழக்குக் கரை வாயுவுக்கு ஜப்பான், சீன விலை வந்துவிட்டது. இன்னொரு பக்கம் பாஸ் நீரிணை வயல்கள் வற்றிக்கொண்டிருந்தன. விக்டோரியாவில் இருபது லட்சம் வீடுகள் எரிவாயுக் குழாயில் தொங்குகின்றன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் அதுதான். 1998 செப்டம்பர் 25 அன்று லாங்ஃபோர்டு எரிவாயு ஆலை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தபோது, மாநிலமே சுமார் இரண்டு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்தது. அந்த நினைவு அரசியல்வாதிகளுக்கு மறக்கவில்லை. எனவே ஏ.ஜி.எல். சொன்ன தட்டுப்பாடு கற்பனை அல்ல. அது கேட்ட இடம்தான் சிக்கல்.

மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் எரிவாயு திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் கொண்டுவர அதுவே வசதி. வந்த பிறகு அதை மறுபடி வாயுவாக்க வேண்டும். இதைக் கரையில் செய்யாமல் கப்பலிலேயே செய்வதுதான் மிதக்கும் நிலையம். குளிர்ந்த பால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவதுபோல, கடல்நீரை உள்ளே இழுத்து அதன் வெப்பத்தைக் கொண்டு திரவத்தை ஆவியாக்குவார்கள். எரிபொருள் செலவு குறைவு. ஆனால் நீர்? நாளொன்றுக்கு 46.8 கோடி லிட்டர் வரை. 2013இல் நெம்மேலியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை சென்னைக்குத் தரும் குடிநீர் நாளுக்கு 10 கோடி லிட்டர் என்பதை நினைத்தால் அளவு புரியும். இழுத்த நீரில் குழாய்க்குள் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளராமலிருக்க, மின்பகுப்பு மூலம் அதிலேயே குளோரின் உண்டாக்குவார்கள். பிறகு அந்த நீர் சுமார் ஏழு டிகிரி குளிர்ந்து, மிச்சக் குளோரினோடு விரிகுடாவுக்கே திரும்பும். இழுக்கும்போது சிக்கும் மீன் முட்டைகளும் மிதவை உயிர்களும் திரும்பாது. திறந்த கடலில் இது கரைந்துவிடும் என்று வாதிடலாம். வெஸ்டர்ன் போர்ட்டோ ஃபிரெஞ்ச், பிலிப் தீவுகள் இரண்டும் அடைத்து நிற்கும், நீர் மெல்ல மாறும் விரிகுடா. இது ஷாப்பிரோ ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி.

கப்பலோடு நிற்கவில்லை திட்டம். கிரிப் பாயின்ட்டிலிருந்து பேக்கன்ஹாம் வரை சுமார் 57 கிலோமீட்டர் குழாய், வயல்களையும் ஓடைகளையும் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், அதை ஏ.பி.ஏ. நிறுவனம் போடுவதாக ஏற்பாடு. ஆண்டுக்கு 40 வரை எரிவாயுக் கப்பல்கள் வந்து போகும். 2018 அக்டோபரில் மாநிலத் திட்டமிடல் அமைச்சர் ரிச்சர்ட் வின், முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றார். சுருக்கமான அனுமதியோடு முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

மதிப்பீட்டு அறிக்கை 2020 ஜூலையில் பொதுப் பார்வைக்கு வந்தது. மெல்பர்ன் இரண்டாவது ஊரடங்குக்குள் போன அதே மாதம். ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஆகஸ்ட் இறுதிக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு வெளியே வர முடியாத சனம் வீட்டிலிருந்தே படித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், படகோட்டி, முன்னாள் ஆலைத் தொழிலாளி என்று தத்தம் அனுபவத்துக்கு ஏற்ற அத்தியாயத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். வந்து குவிந்த கருத்துரைகள் 6,000க்கு மேல். 'சேவ் வெஸ்டர்ன்போர்ட்' குழு, என்விரான்மென்ட் விக்டோரியா, தேசியப் பூங்காச் சங்கம், மார்னிங்டன் தீபகற்ப, பாஸ் கோஸ்ட் உள்ளாட்சி மன்றங்கள் என்று எல்லோரும் வக்கீலும் நிபுணரும் வைத்து வாதாடினார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை விசாரணை முழுக்க வீடியோவில். பல வாரம் கணினித் திரையில் உட்கார்ந்து குளோரின் செறிவு பற்றிக் கேட்பது எவ்வளவு சலிப்பான வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. சலித்துக்கொள்ளாமல் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதே இந்தக் கதையின் பெரிய அதிசயம்.

எல்லோரும் எதிர்த்தார்கள் என்று எழுதினால் பொய். எரிவாயு இல்லாவிட்டால் மூடவேண்டிய தொழிற்சாலைகளும், அவற்றை நம்பிய குடும்பங்களும் விக்டோரியாவில் உண்டு. இந்தக் கரையும் கன்னி நிலம் அல்ல. அதே பாலத்தில் பெட்ரோல் கப்பல்கள் தொடர்ந்து வந்து போயின, எஃகு ஆலை பக்கத்திலேயே ஓடுகிறது.

2021 மார்ச் 30 அன்று அமைச்சர் முடிவைச் சொன்னார்: வெஸ்டர்ன் போர்ட்டின் சூழலுக்கு ஏற்க முடியாத பாதிப்பு. அழுத்தம் கொடுத்தது கழிவுநீர் மீது, அதாவது ராம்சார் ஈரநிலத்துக்குள் விடப்படும் அந்தக் குளிர்ந்த குளோரின் நீர் மீது. பருவநிலை, புதைபடிவ எரிபொருள் என்று கூட்டங்களில் பேசிய பெரிய வார்த்தைகள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது 1982இன் பட்டியலும், அதற்குப் பின்னால் இருந்த 1970களின் கணக்கும். மே மாதம் ஏ.ஜி.எல். திட்டத்தைக் கைவிட்டது.

வேலையில்லாமல் போன கப்பலின் கதை இங்கே முடியவில்லை. அந்தத் திட்டத்துக்கென்று பேசப்பட்ட, நார்வேயின் ஹோக் நிறுவனத்துக்குச் சொந்தமான 'ஹோக் எஸ்பெரான்சா' 2022 டிசம்பரில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறையில் போய் நின்றது. உக்ரைன் போரால் ரஷ்ய வாயு நின்றுபோன நேரம். அவசரச் சட்டம் ஒன்று போட்டு, மிதக்கும் நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடே தேவையில்லை என்று விலக்கு அளித்தார்கள். அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் வந்து திறந்துவைத்தார். பக்கத்தில் இருப்பது வாடன் கடல், யுனெஸ்கோ மரபுச் சின்னம், அதுவும் சேற்றுத்திடல்தான். குளோரின் கலந்த நீரை விட அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியா வேண்டாம் என்ற கப்பல் என்று ஜெர்மன் பத்திரிகைகள் சுட்டிக்காட்டின, சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. கப்பல் அதே கப்பல், நீர் அதே நீர். நெருக்கடி மட்டும் வேறு.

ஆஸ்திரேலியாவிலும் எல்லா இடத்திலும் மறுப்பு வரவில்லை. சிட்னிக்குத் தெற்கே போர்ட் கெம்ப்ளாவில், ஏற்கெனவே எஃகுக்காகத் தோண்டிய செயற்கைத் துறைமுகத்தில் ஒரு நிலையத்துக்கு 2019இலேயே அனுமதி கிடைத்து, கட்டியும் முடித்தார்கள். ஜீலாங்கில் 1954இலிருந்து ஓடும் எண்ணெய் ஆலையின் ஓரத்தில் விவா நிறுவனம் கேட்ட நிலையத்துக்கு, கூடுதல் ஆய்வு செய்யவைத்த பிறகு 2025இல் மாநில அரசு இசைவு தந்தது. அங்கே கப்பல் விடும் குளிர்ந்த நீரை ஆலையைக் குளிர்விக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். ஒரே பொருள், ஒரே தொழில்நுட்பம். இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுகிறது.

கிரிப் பாயின்ட்டின் காவல் எரிவாயுவுக்கு எதிரானது மட்டுமல்ல என்பது பிறகு தெரியவந்தது. கடலில் காற்றாலை நிறுவ உதவும் துறைமுக முனையம் ஒன்றை ஹேஸ்டிங்ஸில் கட்ட விக்டோரியா அரசே ஆசைப்பட்டது. 2023 டிசம்பரில் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைச்சர் டான்யா பிளிபர்செக் மறுத்துவிட்டார். காரணம் அதே ராம்சார் ஈரநிலம். பசுமை மின்சாரத்துக்குப் போராடியவர்கள் சங்கடத்தில் நெளிந்தார்கள். சட்டம் நெளியவில்லை.

நம் பக்கத்தில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை அனல் மின் நிலையங்களும் சாம்பலும் துறைமுகங்களும் ஏற்கெனவே நெருக்கிவிட்ட இடம் அது. அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குப்பங்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதுவரை 20 ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகம் அவற்றில் ஒன்றல்ல.